ஈசானிய மூலையில் ஒரு காலிஃப்ளவர்

முடிச்சூரில் தவளைகள் மட்டும் குடியிருந்த வயலில் முதல் மாடி வீட்டை எழுப்பியவன் நான். வெள்ளம் வந்து தெருவில் படகு ஓடிய நாளிலும் அந்த வீட்டுச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு லோடு மணலுக்கு ஊரே அல்லாடிய காலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டி முடித்தேன். குன்றத்தூர் போகிற வழியில் பாறை மேல் ஒரு பள்ளிக்கூடம். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம், பில்லர் நிற்காது என்று எல்லோரும் தலையை ஆட்டிய இடத்தில் நான்கு மாடி. படிப்பு மூன்றாம் வகுப்பு. கைதூக்கி விட்டவன் ஒருத்தனும் இல்லை. செங்கல் சுமந்து, சாந்துக் கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, பிறகு பில்டர் என்று போர்டு மாட்டியவன்.

இப்பேர்ப்பட்ட என்னை மழை நிறுத்தியதில்லை, அதிகாரி நிறுத்தியதில்லை. ஒரே ஒரு காய்கறி நிறுத்தியது. அதை வளர்த்தவர் தெர்மாமீட்டர் சார். தாம்பரத்துக்குத் தெற்கே வெயிலைக் கூப்பிட்டு வைத்துத் திட்டிய ஒரே மனிதர் அவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. சர்ச் ரிஜிஸ்தரில் இருக்கும். சிட்லபாக்கத்தில் அவரை அந்தப் பெயரில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கல்லூரியில் இயற்பியல் லேபைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு கையும் காலும் சும்மா இருக்காமல் தோட்டம் போட்டார். கத்தரி, வெண்டை போட்டிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இவர் போட்டது காலிஃப்ளவர். குளிர் இருந்தால்தான் பூ வைக்கும் என்கிற செடியை, மார்கழியிலேயே ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊரில்!

மழை நின்றதும் நாற்று நடுவார். தை பிறந்தால் அவருக்குப் பதற்றம் பிறக்கும். மாசி வெயில் ஏறுவதற்குள் பூ வந்தாக வேண்டும். வீட்டில் ஜுரத்துக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரை ஒருநாள் செடியின் அடியில் மண்ணில் செருகிக் கையில் வாட்சோடு குந்தியிருந்தாராம். பால்காரர் பார்த்துவிட்டார். அன்றைக்கு வந்த பெயர்தான். அதற்குப் பிறகு கடையிலிருந்து நீளமான தெர்மாமீட்டர்களை வாங்கி, செடிக்கு ஒன்றாகக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்.

மத்தியானம் ஆனால் வேருக்கு ஐஸ் கட்டி. வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டுகளைத் தவிர வேறு எதுவும் வைக்க முடியாது. அவர் மனைவி ரூபி டீச்சர் மீன் வாங்குவதையே விட்டுவிட்டார். ஹாலில் இருந்த பெடஸ்டல் ஃபேன் தோட்டத்துக்குப் போனது. வெயில் சுள்ளென்று அடித்தால் சார் குடையோடு வெளியே வந்து, முகத்தை மேலே தூக்கி, "என்னய்யா இது? காலங்கார்த்தால இவ்வளவு எதுக்கு? கொஞ்சம் டீசன்ட்டா அடிக்கக் கூடாதா?" என்று கேட்பார். குடை செடிக்கு, அவர் தலைக்கு இல்லை.

இவ்வளவு செய்தும் பூ வந்ததில்லை. ஒரு வருஷம் புழு தின்றது. ஒரு வருஷம் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்து அப்படியே நின்றது. இன்னொரு வருஷம் ஒரே நாள் வெயிலில் பூ பிரிந்து பொங்கின சோறு மாதிரி ஆகிவிட்டது. "போன ஜென்மத்துல ஊட்டியில பொறந்திருப்பீங்க" என்று ரூபி டீச்சர் சொன்னதற்கு, "நமக்கு ஒரே ஜென்மம்தான் ரூபி, அதனாலதான் அவசரம்" என்றாராம்.

இந்த நேரத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். பெங்களூரில் இருக்கும் அவர்கள் மகள், பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டலாம் என்று முடிவு செய்து என்னைத் தேடிப் பிடித்தாள். நல்லவர்கள் என்னைத்தான் தேடுவார்கள். பேசி முடித்துக் கையெழுத்துப் போடும்போது சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேஸ்திரி, ஒரு கண்டிஷன். இந்த சீசன் காலிஃப்ளவர் எடுத்த பிறகுதான் இடத்துல கை வைக்கணும்."

பில்டர் என்று போர்டு மாட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. இவருக்கு நான் கடைசிவரை மேஸ்திரிதான்.

"இன்னா சார், காய்கறிக்குப் போயி கண்டிஷனா? மார்க்கெட்ல கூடை கூடையா கீது."

"மார்க்கெட்டுல இருக்கறது யாரோ வளர்த்தது. இந்த வீட்டை இடிச்சா எனக்கு மண்ணு கிடையாது. மேல மாடி, கீழ கார் பார்க்கிங். இதான் கடைசி சான்ஸ்."

ரூபி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு காய்கறிதானே, எவ்வளவு நாள் ஆகிவிடப் போகிறது என்று நானும் தலையாட்டினேன்.

தலையாட்டியபோது ஒன்றை நான் பார்க்கவில்லை. சாயங்காலமாவது வீட்டு நிழல் விழுகிற இடம் என்று பார்த்து, சார் செடிகளை வைத்திருந்தது மனையின் வடகிழக்கு மூலையில். ஈசானியம். பூஜை போட்டுக் குழி வெட்டுகிற மூலை. எனக்குத் தொழிலில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது ஈசானியத்துக்குத்தான். வாஸ்து நாளில், வாஸ்து நேரத்தில், ஈசானியத்தில் குழி வெட்டாமல் இதுவரை ஒரு கல் வைத்ததில்லை. என் கட்டடங்கள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறவன்.

தை மாத வாஸ்து நாள் வந்தது. போய்ப் பார்த்தேன். செடிகள் யானைக்காது மாதிரி இலை விட்டு நின்றன. பூ?

"சார், எங்க சார் பூ?"

"உஷ்! சத்தமா பேசாதீங்க. இங்க குனிஞ்சு பாருங்க."

நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற நான், வெள்ளை வேட்டியோடு மண்ணில் முட்டி போட்டு, இலையை விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சார் பூதக்கண்ணாடியை நீட்டினார். அதிலும் இலைதான் பெரிதாகத் தெரிந்தது. தை நாள் போயிற்று.

அடுத்தது மாசி வாஸ்து. அதையும் விட்டால் பங்குனியில் வாஸ்து நாளே கிடையாது, சித்திரைதான். அதற்குள் வீட்டை இடிக்க நான் சொல்லி வைத்த மிஷின் வேறு ஊருக்குப் போய்விடும், ஆட்கள் கலைந்துவிடுவார்கள். எனக்குத் தூக்கம் போனது. காலையில் எழுந்ததும் காலண்டரைப் பார்ப்பேன், பிறகு வானத்தைப் பார்ப்பேன். வெயில் சீக்கிரம் ஏறினால் பூ கெடும், சார் உடைந்து போவார். ஏறாமல் இருந்தால் பூ மெதுவாக வரும், என் நாள் போகும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் முருகன் படத்துக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டு வந்த நாட்கள் உண்டு.

ஒருநாள் விடியும்போதே போன்.

"மேஸ்திரி, பூ வந்திருக்கு!"

ஓடினேன். ஒரு செடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளை. சார் கண்ணிலும் தண்ணீர், என் கண்ணிலும் தண்ணீர். அவருக்கு ஆனந்தம், எனக்கு மாசி வாஸ்து. வெயில் பட்டால் பூ மஞ்சளாகும் என்று, சார் தன் காலேஜ் டை ஒன்றை எடுத்து இலைகளை மேலே குவித்துக் கட்டினார். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட டை. செடி இன்டர்வியூவுக்குக் கிளம்பின மாதிரி இருந்தது.

அதே வாரம் பெருச்சாளி வந்து மற்ற செடிகளை எல்லாம் வேரோடு தள்ளிவிட்டுப் போனது. டை கட்டியது மட்டும் தப்பியது. நான் போனபோது சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க அனுப்புனதா?"

"சார்! பெருச்சாளிய நான் எங்க சார் புட்ச்சி அனுப்புவேன்? அது இன்னா என் கையில வேலை செய்யுதா?"

"உங்களுக்குத்தான் இடம் அவசரம்."

"அவசரந்தான் சார். அதுக்குன்னு எலி வெச்சா தொழில் பண்ணுவேன்?"

ரூபி டீச்சர் உள்ளேயிருந்து காபியோடு வந்தார். பொங்கலிலிருந்தே சாமான்களை மூட்டை கட்டிவிட்டு, மூட்டை மேலேயே உட்கார்ந்து காபி குடிக்கிறவர் அவர். "அண்ணே, இவரை விடுங்க. நேத்து என்னையும் கேட்டார், கதவைத் திறந்து விட்டது நீதானேன்னு" என்றார்.

மாசி பிறந்தது. பிறந்த கையோடு வெயில் சித்திரை மாதிரி இறங்கியது. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஃப்ரிட்ஜில் ஐஸ் உறையவில்லை, ஃபேன் சுற்றவில்லை. சார் காலை முதல் சாயங்காலம் வரை வெயிலில் குடை பிடித்து நின்றார். ஒருநாள் மத்தியானம் ரூபி டீச்சர் போன் செய்தார்.

"அண்ணே, அவர் மயக்கமா விழுந்துட்டார். பி.பி. எகிறிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு வான்னா வர மாட்டேங்கறார். பூவைப் பார்த்துக்க ஆள் வந்தாத்தான் ஆட்டோவுல ஏறுவேன்ங்கறார். எனக்கு பயமா இருக்கு அண்ணே."

என் சூப்பர்வைசர் குமாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டியை விரட்டினேன். சார் வராந்தாவில் ஈரத்துண்டோடு படுத்திருந்தார். முகம் சுண்ணாம்பு. என் கையைப் பிடித்தார். அந்தக் கை கொதித்தது.

"மேஸ்திரி... சாயங்காலம் வரைக்கும் தாங்காது அது."

"நான் கீறேன் சார். நீங்க ஏறுங்க."

"சத்தியமா?"

"நான் ஒத்துக்கிட்ட வேலை எது சார் பாதியில நின்னுது? ஏறுங்க சார்!"

ஆட்டோ போனது. தோட்டத்தில் நானும் குமாரும் அந்தச் செடியும். இலைகள் நனைந்த காகிதம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு எங்கேயோ உச்சியில்.

குமார் காதோரம் வந்தான். "அண்ணே, நாம ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா வுட்டாப் போதும், பொழுது சாயறதுக்குள்ள தானா முடிஞ்சிபூடும். நம்ம மேல தப்பு வராது. வாஸ்து அன்னிக்கு நிம்மதியா குழி வெட்லாம்."

அவன் சொன்னதில் கணக்குத் தப்பே இல்லை. எனக்குத்தான் உடம்பு பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, புதுசா போட்ட ஸ்லாபை வெயில்ல காய வுட்டுட்டு வீட்டுக்குப் போவியா?"

"அது ஸ்லாபுண்ணே."

"இதுவும் இன்னும் இறுகாத சரக்குதான்டா! நம்ம குடோனுக்குப் போய் சாக்கு எடுத்தாடா. சவுக்குக் கம்பு எடுத்தா. பச்சை வலை எடுத்தா. ஓடு!"

காங்கிரீட் போட்டவனுக்குத் தெரியும். ஸ்லாப் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, காயக் காயத் தண்ணீர் விட வேண்டும். க்யூரிங் என்போம். அதில் ஏமாற்றுகிறவன் கட்டடம் பல்லைக் காட்டும். நான் ஏமாற்றியதில்லை. கம்புகளைச் செடியைச் சுற்றி நட்டோம். மேலே கட்டடத்துக்குப் போடுகிற பச்சை வலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினோம். வெயில் வரும் பக்கங்களில் ஈரச் சாக்குகளைத் திரை மாதிரி தொங்கவிட்டோம். குமார் வாளியில் மோந்து மோந்து சாக்கின் மேல் ஊற்றினான். ஏரிப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வந்தது. சாக்கு வழியாக நுழைந்து உள்ளே போனபோது அது ஜில்லென்று போனது. நான் தலையை உள்ளே விட்டு உட்கார்ந்துகொண்டேன். சிவப்புக் கோடு நின்றது. கொஞ்சம் தயங்கியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. சாயங்காலம் இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. குமார், "அண்ணே, எந்திரிச்சிக்கினு வருதுண்ணே!" என்று கத்திவிட்டு, கத்தியதற்கு வெட்கப்பட்டுக் கொண்டான்.

சார் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை நாங்கள் முறை போட்டுச் சாக்கு நனைத்தோம். வந்ததும் அவர் வீட்டுக்குள் போகவில்லை. கையில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியோடு நேராக மூலைக்கு வந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். சாக்கைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். டையை அவிழ்த்துப் பூவைப் பார்த்தார். பாதித் தேங்காய் அளவுக்கு வந்திருந்தது.

"சிமெண்ட் சாக்கா?"

"அரிசிச் சாக்கு சார். கழுவி காயப்போட்டது."

"ம்" என்றார். அவ்வளவுதான். நன்றி வரும் என்று நின்றேன். டையைத் திருப்பிக் கட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

மாசி வாஸ்து நாள் விடிந்தது. ஐயர் வந்துவிட்டார். கடப்பாரைக்குக் குங்குமம் வைத்தாயிற்று. தெருவில் மிஷின் நிற்கிறது. வாஸ்து நேரம் என்பது கொஞ்ச நேரம்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். பூஜைக்கு முன்னால் பூவை வெட்டித் தருவதாகச் சார் முந்தின நாளே ஒப்புக்கொண்டிருந்தார். கத்தியோடு வந்தார். செடி முன்னால் உட்கார்ந்தார். பூவை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் இறுகல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் விட்டா முழுசா வந்துடும்."

"சார், நேரம் போவுது சார்!"

"கட் பண்ணிடுங்களேன்" என்றார் ரூபி டீச்சர். "அண்ணன் எவ்வளவு நாள்தான் காத்திருப்பார்?"

"பண்றேன் ரூபி. பண்றேன்." கத்தியைத் தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். "முதல் தடவையா ஒழுங்கா வருது. அரைகுறையா வெட்டச் சொல்றீங்களே" என்று சின்னக் குரலில் சொன்னார். என்னிடம்கூட இல்லை, செடியிடம்.

ஐயர் வாட்சைத் தட்டினார். எத்தனையோ மனை, எத்தனையோ பூஜை. ஈசானியத்தை ஒரு சாண்கூட நகர்த்தாதவன். ஒரு பக்கம் ஈசானியம், ஒரு பக்கம் அந்த மனுஷன் கையில் ஆடுகிற கத்தி.

"குமாரு, ரெண்டு முழம் தள்ளி வெட்றா."

ஐயர் பதறினார். "மூலை அங்கேன்னா இருக்கு?"

"அதுவும் மூலைதான் சாமி. ஈசானியம் அவ்ளோ கஞ்சமா இன்னா? ஆரம்பிங்க."

பூஜை நடந்தது. பக்கத்திலேயே சார் குடையைச் செடி மேல் பிடித்துக்கொண்டு நின்றார். மந்திரத்துக்கு நடுவில், "கற்பூரத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டுங்க, ஹீட் ஆகுது" என்றார். ஐயர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். இருவரும் தெர்மாமீட்டரைப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூ முழுசாக இறுகியது. பால் வெள்ளை. சார் வெட்டி, வெள்ளைத் துணியில் வைத்துச் சர்ச்சுக்குக் கொண்டுபோனார். தோட்டத்தில் முதலில் விளைந்ததை முதற்பலன் என்று படைப்பது அவர்கள் வழக்கம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். ரூபி டீச்சர் கூப்பிட்டதால் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சார் எழுந்து சாட்சி சொன்னார். "இந்த வெயில்லயும் ஆண்டவர் எனக்காகக் குளிர்ச்சியை அனுப்பினார்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஆண்டவர் அனுப்பியது சரி. சாக்கு யாருடையது?

ஏலம் ஆரம்பித்தது. அந்தப் பூ எவனோ ஒருத்தன் வீட்டுக் குருமாவில் வேகக்கூடாது, சார் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்று நான் கையைத் தூக்கினேன். முன் பெஞ்சிலிருந்து யாரோ கையை மட்டும் தூக்கி விலையை ஏற்றினார். நான் இன்னும் ஏற்றினேன். அவரும் விடவில்லை. சபை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. ஏலம் விடுகிறவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைசியில் ரூபி டீச்சர் எழுந்து நின்றார்.

"ஏங்க, உங்களுக்கு எதிரா கேக்கறது மேஸ்திரி அண்ணன். அண்ணே, முன்னாடி கேக்கறது இவர்தான். ரெண்டு பேரும் எங்க வீட்டுக்குத்தான் வாங்கறீங்க. உக்காருங்க!"

பூ எனக்கு விழுந்தது. டீச்சர் பொரியல் செய்தார். மூட்டைகளுக்கு நடுவில் மூன்று பேரும் சாப்பிட்டோம். சார் மெதுவாக மென்று, "ஃப்ளேவர் நல்லா இருக்கு. தண்ணி கொஞ்சம் அதிகமா விட்டுட்டீங்க" என்றார். என் சாக்குக்கு அவர் கொடுத்த ஒரே சர்டிபிகேட் அதுதான்.

ஃப்ளாட் எழும்பிவிட்டது, ஒரு கீறல் இல்லாமல். சார் இப்போது மொட்டைமாடியில் பைகளில் நாற்று வைத்திருக்கிறார். வீடு பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் பழைய தோட்டத்துக் காலிஃப்ளவர் கதையைச் சொல்கிறார். அதில் தெர்மாமீட்டர் வருகிறது, டை வருகிறது, பெருச்சாளிகூட வருகிறது. நான் வரவில்லை. ஆகவே பத்திரிகையில் அச்சிலேயே கேட்கிறேன்: அந்தப் பூவில் பாதி என்னுடையது. சாக்கு என்னுடையது, கம்பு என்னுடையது, தள்ளி வெட்டிய ஈசானியமும் என்னுடையது. சார் இதைத் தன் வாயால், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். அதைச் சொல்கிறவரைக்கும், மாசியில் மொட்டைமாடியில் சாக்கு நனைக்க அவர் வேறு எவனையும் கூப்பிடக் கூடாது.